ஒரு டோக்கன், இரண்டு பேர்

ஜூலை 14, திங்கள்

கவுன்சலிங் தளம் இன்று திறந்தது. தனியார் செவிலியர், துணை மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பு நடத்தும் சேர்க்கை. மாணவர்கள் தங்கள் எண்ணையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே போய், வேண்டிய படிப்பையும் கல்லூரியையும் வரிசைப்படுத்தி, வெள்ளிக்கிழமைக்குள் ‘லாக்’ செய்ய வேண்டும். அதன் பிறகு யாரும் மாற்ற முடியாது. தளத்தை நடத்துவது எங்கள் கம்பெனி. மென்பொருள் எழுதியது இர்ஃபான். சர்வர்கள் என் பொறுப்பு.

முதல் நாள் கூட்டமில்லை. எல்லாரும் கடைசி நேரத்தில்தான் வருவார்கள்.

இட்லி மாவு புளித்துவிட்டது. இரண்டு நாளைக்கு ஊத்தப்பம்தான்.

ஜூலை 15, செவ்வாய்

காலையிலேயே எதிர்பாராத கூட்டம், தளம் படுத்துவிட்டது. முதலாளி நந்தகோபால் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அவர் அப்படி நிற்பது எனக்குப் பிடிக்காது. தட்டச்சு செய்யும் விரல்கள் தடுமாறும்.

“ஏம்மா தமயந்தி, கூட்டமைப்பு செகரட்டரி போன் மேல போன் போடறாரு. என்னமோ பண்ணி எந்திரிக்க வையுங்க.”

“முகப்புப் பக்கத்தக் கேஷ்ல போட்டா லோடு குறையும் சார். ஆனா டெஸ்ட் பண்ணிட்டுப் போடணும்.”

“டெஸ்ட்டெல்லாம் வர்ற வருசம் பண்ணிக்கலாம். இப்பப் போடுங்க.”

போட்டேன். சாயங்காலம் இதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது, “கேஷுன்னா காசா?” என்று கேட்டார். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். எங்களிடம் மூன்று சர்வர்கள். முன்னால் லோடு பேலன்சர் என்று ஒன்று நின்று, வருகிறவர்களை மூன்றுக்கும் பிரித்து அனுப்பும். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் தருகிற மாதிரி, வருகிற ஒவ்வொருவரின் பிரௌசருக்கும் ஒரு குக்கி கொடுக்கப்படும். இவர் எந்த சர்வருக்குப் போக வேண்டும், உள்ளே வந்திருப்பது யார் என்பதெல்லாம் அந்த டோக்கனை வைத்துத்தான் தெரியும். கேஷ் என்பது ஒரு பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் அந்த நகலையே நீட்டுவது. சர்வர்வரை போக வேண்டியதில்லை.

“நல்ல ஏற்பாடுதானே” என்றார்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் காலையில் கேஷ் அந்தப் பக்கத்தைச் சேமிக்க மறுத்தது. பக்கத்தோடு டோக்கனும் ஒட்டி வருவதால், இது ஒருவருக்கு மட்டும் உரியது என்று அது ஒதுக்கிவிடும். அந்த மறுப்பை நீக்க ஒரு வரி உண்டு. அதை எழுதினேன். நகலிலிருந்து டோக்கனை உரித்துவிட்டுக் கொடு என்று சொல்ல இன்னொரு வரி உண்டு.

இர்ஃபான் தன் இடத்திலிருந்தே, “அக்கா, குக்கிய எடுத்து விட்டுட்டீங்கல்ல?” என்றான். “ம்” என்றேன். அதே நேரம் சார் கூப்பிட்டார்.

தளம் எழுந்துகொண்டது. சார் எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 16, புதன்

விசித்திரமாக இருக்கிறது. முதல் சர்வர் மூச்சுத் திணறுகிறது. மற்ற இரண்டும் சும்மா கிடக்கின்றன. பிறகு இரண்டாவது திணறுகிறது, முதலாவது ஓய்ந்துவிடுகிறது. கூட்டமெல்லாம் யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரே பக்கம் சாய்கிறது.

உதவி மையத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். சிலருக்கு உள்ளே போவதற்கு முன்பே வேறு யாருடைய பெயரோ தெரிகிறதாம். பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள் என்றேன்.

தலைவலி.

ஜூலை 17, வியாழன்

காரணம் தெரிந்துவிட்டது. சின்ன விஷயம். சரி செய்தாகிவிட்டது. யாரிடமும் சொல்லிக் கலவரப்படுத்தத் தேவையில்லை.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 18, வெள்ளி

கடைசி நாள் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. கூட்டமைப்பின் செயலாளர் பாராட்டி மெயில் அனுப்பியிருந்தார். சார் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினார். என் பெயரையும் சொன்னார்.

ஜூலை 25, வெள்ளி

நேற்று இட ஒதுக்கீடு வெளியானது. இன்று உதவி மையத்திலிருந்து ஒரு போனை எனக்குத் தள்ளிவிட்டார்கள்.

“எம்மா, நான் சங்கரன்கோவில்லருந்து பேசுதேன். சுடலைமுத்து. மினி பஸ் ஓட்டுதேன். எம் பிள்ள பேரு இசக்கிப்ரியா. அவ நர்சிங்தாம்மா போட்டா. பாளையங்கோட்டையிலதான் கேட்டா. இப்ப என்னன்னா ஓசூர்ல ஆபரேசன் தியேட்டர் டெக்னீசியன்னு வந்துருக்கு. அவ அந்தப் படிப்பப் போடவே இல்லங்கா.”

“சரியா ஞாபகம் இருக்கான்னு கேளுங்கய்யா. வரிசையில கீழ எங்கயாவது போட்டிருப்பாங்க.”

“அவ அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்குதும்மா. அங்க இருக்க நர்சுகளப் பாத்துப் பாத்துத்தான் அவ இந்தப் படிப்பே கேட்டா. வேற எதையும் தொட்டிருக்க மாட்டா.”

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் என் பெயரைக் கேட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஜூலை 28, திங்கள்

பார்த்தேன்.

பதினாறாம் தேதி, பக்கத்தின் நகலோடு ஒட்டிப் போன ஒரே டோக்கன் இரண்டு இடங்களில் இருந்திருக்கிறது. ஒன்று சங்கரன்கோவிலில் ஒரு பிரௌசிங் சென்டர். மற்றது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கைபேசி. கைபேசிக்காரன் பெயர் தென்னரசு. அவன்தான் முதலில் உள்ளே வந்திருக்கிறான். பிறகு இந்தப் பெண் அதே டோக்கனில் தன் எண்ணைப் போட்டு உள்ளே வந்திருக்கிறாள். அந்த நிமிடத்திலிருந்து, சர்வரைப் பொறுத்தவரை இருவரும் இசக்கிப்ரியாதான். அவள் தன் வரிசையைச் சேமித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் தன் வரிசையைச் சேமித்து, லாக் செய்தான். அது அவள் கணக்கில் ஏறிவிட்டது.

அவன் கணக்கு காலியாக இருக்கிறது. அவனுக்கு எந்த இடமும் இல்லை. அவன் புகாரும் கொடுக்கவில்லை.

உள்ளே வந்ததும் ஒவ்வொருவருக்கும் புது டோக்கன் மாற்றிக் கொடுக்கும்படி மென்பொருளை எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. அது இர்ஃபான் செய்திருக்க வேண்டிய வேலை. இதை எழுதி வைக்கிறேன்.

இன்றும் குழாயில் தண்ணீர் வரவில்லை.

ஜூலை 30, புதன்

சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

“எத்தன பேருக்கு இப்பிடி ஆயிருக்கும்?”

“நான் பாத்தவரைக்கும் லாக் பண்ற அளவுக்குப் போனது இந்த ஒண்ணுதான் சார். இன்னும் இருக்கலாம். முழுசாப் பாக்கல.”

“பாக்க வேண்டாம்.” கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். “அந்தக் கேஷு வரிய யாரு போட்டது?”

“நீங்கதான் சார் சொன்னீங்க.”

“நான் சொன்னேன். போட்டது யாரு?”

குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு டீ சொல்லி அனுப்பினார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அவர்கள் நேரிலேயே வந்துவிட்டார்கள். அப்பாவும் பெண்ணும். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த முகம். சுடலைமுத்து காக்கிச் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். அந்தப் பெண் ஒல்லி. உட்காரச் சொல்லும்வரை நின்றாள், சொன்ன பிறகும் அப்பா உட்காரட்டும் என்று காத்திருந்தாள்.

சார், நான், இர்ஃபான் மூவரும் இருந்தோம். சார் நன்றாகவே பேசினார்.

“பாப்பா, நீ பயப்படாமச் சொல்லு. அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

“பிரௌசிங் சென்டர்ல உக்காந்து தளத்தத் திறந்தேன் சார். திறந்ததும் ‘வணக்கம், தென்னரசு’ன்னு வந்துச்சு. நான் எதையும் தொடல. அதுலருந்து வெளிய வந்துட்டு, எங்க நம்பரப் போட்டு உள்ள போனேன். அஞ்சு காலேஜ் போட்டேன். அஞ்சும் நர்சிங். சேமிச்சிட்டு, அப்பாகிட்டக் காட்டிட்டு லாக் பண்ணலாம்னு எந்திரிச்சிட்டேன். கடைசி நாள் போய்ப் பாத்தா, ஏற்கனவே உறுதியாயிட்டுன்னு இருந்துச்சு. அப்பா அந்தச் சென்டர் அண்ணன்கிட்டச் சொல்லிப் பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன்.”

“நான் அவதான் பண்ணிட்டான்னு நெனச்சேன் சார்” என்றார் சுடலைமுத்து.

சார் முன்னால் சாய்ந்தார். “அப்ப நீயே சொல்லிட்ட. உனக்கு முன்னாடி அந்தக் கம்ப்யூட்டர்ல தென்னரசுன்னு ஒருத்தர் உக்காந்திருக்காரு. வெளிய வராமப் போயிட்டாரு. பொறவு நீயும் சேமிச்சிட்டு அப்பிடியே எந்திரிச்சு வந்துட்ட. திரும்ப அவர் வந்து அதே இடத்துல உக்காந்திருப்பாரு. இதுல நாங்க என்ன பண்ண முடியும், சொல்லு?”

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். “எனக்கு முன்னாடி அதுல ஒரு அக்காதான் சார் உக்காந்திருந்தாங்க” என்றாள், ஆனால் பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

இர்ஃபான் என்னைப் பார்த்தான். கிருஷ்ணகிரி விஷயத்தை நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவன் மென்பொருளை எழுதியவன். ‘வணக்கம், தென்னரசு’ என்றதுமே அவன் முகம் மாறிவிட்டது. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

பிறகு நான்தான் அவர்களைச் சாப்பிடக் கூட்டிப் போனேன். அந்தப் பெண் தோசையைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா சாப்பிடவில்லை, காப்பி மட்டும். “நீங்க ஒருத்தராவது காது குடுத்துக் கேக்கியளே” என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சுடலைமுத்து கூட்டமைப்புக்கு மனு கொடுத்துவிட்டார். செயலாளர் எங்களிடம் எழுத்துப்பூர்வமான அறிக்கை கேட்கிறார். தளத்தின் பிழை என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால், இரண்டாம் சுற்றில் அவளுக்குப் பாளையங்கோட்டையில் இடம் ஒதுக்குவார்களாம். இடம் இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் அறிக்கை போக வேண்டும்.

சார் சொன்னார்: “பிழைன்னு எழுதுனா அடுத்த வருசம் இந்தத் தளம் நம்ம கையில இருக்காது. யாரு பிழைன்னு கேப்பாங்க. நானும் ஒரு பேரச் சொல்லித்தான் ஆகோணும்.” பிறகு, “உங்களுக்குத் தெரியாததா. நீங்களே பாத்து எழுதுங்க” என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அறிக்கை எழுதினேன். இரண்டு பக்கம். மாணவி பொதுக் கணினியைப் பயன்படுத்தினார். திறந்தபோதே வேறொருவர் பெயர் திரையில் இருந்ததை அவரே ஒப்புக்கொள்கிறார். சேமித்த பிறகு அவர் முறையாக வெளியேறவில்லை. சரியான எண்ணும் கடவுச்சொல்லும் கொண்டுதான் அந்தக் கணக்கு திறக்கப்பட்டது. பதினெட்டாம் தேதி தளத்தின் எல்லா அமைப்புகளும் சரிபார்க்கப்பட்டுச் சரியாக இருந்தன.

இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஒரு பொய்கூட இல்லை.

வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்ததும், “அந்தப் புள்ள விசயம் என்னாச்சு?” என்று கேட்டார். அன்றைக்குத் தோசை வாங்கிக் கொடுத்ததை மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

“எழுதிக் குடுத்துட்டேன்.”

“அப்பாடா. நல்ல காரியம் பண்ணுன” என்றார். கையைக் கழுவிவிட்டு வந்து என் தலையைத் தொட்டார். கிரீஸ் வாசனை.

வெண்டைக்காய் முற்றல். பாதியைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 14, வியாழன்

இர்ஃபான் வேலையை விட்டுவிட்டான். அறிக்கையில் மென்பொருள் தரப்பில் அவனும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சார் சொல்லியிருக்கிறார். போட மாட்டேன் என்றானாம். பையை மாட்டிக்கொண்டு என் இடத்துக்கு வந்தான்.

“அக்கா, குக்கிய எடுக்கிற அந்த ரெண்டாவது வரிய என்னைக்குப் போட்டீங்க?”

“எந்த வரி?”

“பதினேழாந்தேதி போட்டிருக்கீங்க. நான் பாத்தேன். பதினஞ்சாந்தேதி கேட்டேன்ல. நீங்க ம்னு சொன்னீங்க.”

“சரியாக் காதுல விழல இர்ஃபான்.”

“உள்ள வந்ததும் டோக்கன மாத்தாம விட்டது என் தப்பு. அத நான் எழுதித் தரேன். நீங்க உங்களுத எழுதிக் குடுங்க. ரெண்டும் சேந்தா அந்தப் புள்ளைக்குச் சீட்டு கெடச்சிரும். அவ்வளவுதானக்கா?”

அவனுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அதற்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. இப்படி வேலையைத் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எல்லாரும் உத்தமராக இருக்க வசதிப்படுமா? “வீட்ல கேட்டியா?” என்றேன். அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இர்ஃபான் கூட்டமைப்புக்குத் தனியாக மெயில் அனுப்பியிருக்கிறான். தன் தவறை எழுதியிருக்கிறான். கேஷைப் பற்றியும் எழுதியிருக்கிறான். யார் போட்டது என்று மட்டும் எழுதவில்லை. செயலாளர் நேராக என்னையே கூப்பிட்டார்.

“மேடம், இது என்னங்க, டோக்கன் கேஷுன்னு என்னென்னமோ எழுதியிருக்காரு. எனக்கு ஒண்ணும் புரியல. உண்மையா இது?”

அவர் நல்ல மனிதர். கேட்ட விதத்திலேயே தெரிந்தது, நான் எதைச் சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தார்.

“அவர் போன வாரந்தான் சார் வேலைய விட்டு நின்னாரு. கொஞ்சம் மனஸ்தாபம்” என்றேன்.

“ஓ. அப்படிங்களா” என்றார். அதோடு முடிந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

இரண்டாம் சுற்று வெளியானது. பாளையங்கோட்டை இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. இசக்கிப்ரியாவின் மனு தள்ளுபடி.

சார் என்னைத் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைவராக்கிவிட்டார். கண்ணாடித் தடுப்புப் போட்ட தனி அறை. வீட்டுக்காரர் மைசூர்பாக் வாங்கி வந்து பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார். “எம்பட வீட்டுக்காரி நேர்மைக்குக் கெடச்சதுங்க” என்று எதிர்வீட்டுக்காரரிடம் அவர் சொன்னது சமையலறைவரை கேட்டது. அடுப்பில் பால் பொங்கிவிட்டது. துடைத்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

தென்னரசு இன்னும் புகார் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சுடலைமுத்து.

“எம்மா, நல்லாருக்கியளா? பிள்ளைய ஓசூர்ல சேத்தாச்சு. ஆஸ்டல்ல விட்டுட்டு இப்பந்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வாரேன். அவ எம் பக்கத்துலதான் நிக்கா. வழியனுப்ப வந்துருக்கா.”

“சந்தோசம்யா.”

“நடந்தது நடந்துட்டு. ஆனா ஒங்கள மறக்க மாட்டோம்மா. எல்லாரும் வெரட்டுனாவ. நீங்கதான் ஒக்கார வச்சுச் சோறு போட்டீய. கோயம்புத்தூர்ல நமக்குன்னு ஒரு மனுசி இருக்காங்கன்னு வீட்டுல சொல்லுவேன். இந்தா, பிள்ள பேசணும்ங்கா.”

போன் கை மாறியது. பின்னால் பஸ்களின் ஹாரன்.

“அக்கா, இசக்கிப்ரியா.”

“சொல்லும்மா. அம்மா எப்படி இருக்காங்க?”

“இருக்காங்கக்கா. இப்ப சித்திதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க.” ஹாரன் சத்தம் தள்ளிப் போனது. “அக்கா, ஒண்ணு சொல்லணும். நான் நெறய யோசிச்சுப் பாத்தேன். எனக்கு முன்னாடி உக்காந்தது ஒரு அக்கான்னு சொன்னேன்ல. அது எனக்கு நிச்சயமா ஞாபகம் இல்ல. அந்தத் தென்னரசு அண்ணன் உக்காந்துதான் இருந்திருக்கணும். நான்தான் ஒழுங்கா வெளிய வராம விட்டுட்டேன். அது தெரியாம அப்பா உங்க எல்லார்கிட்டயும் வந்து சண்ட போட்டுட்டாங்க. உங்க ஆபீஸ்ல ஒரு அண்ணனுக்கு வேலயே போயிட்டுன்னு கேள்விப்பட்டோம். எங்களாலதானக்கா? மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. அதான். மன்னிச்சிருங்கக்கா.”

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே புதிதாகச் சேர்ந்தவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

“பரவால்லம்மா” என்றேன். “இனிமே கவனமா இரு.”

“சரிக்கா” என்றாள்.